ஓட்டுக் கேட்டு மதுரைக்கு வரப்போகிறவர்களுக்கு

எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் வணக்கம்.

எல்லாக் கட்சி என்றால் எல்லாக் கட்சியும்தான். சூரியன், இலை, தாமரை, கை, அரிவாள் சுத்தியல், நேற்றுத் தொடங்கியவர்கள், நாளைக்குத் தொடங்கப் போகிறவர்கள், யாரையும் விடவில்லை. எங்கள் திருநகர்ப் பக்கம் மகளிர் குழுவில் இத்தனை கட்சி வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். வாசலில் எந்தக் கொடி பறந்தாலும் எங்களில் பெரும்பாலோர் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. எம்.பி. தேர்தலுக்கு ஒரு சின்னம், சட்டமன்றத்துக்கு இன்னொரு சின்னம் என்று யோசித்துக் குத்துகிறவர்கள்.

உங்கள் ஆட்களுக்கு இது பிடிபடவே இல்லை. "பொம்பளைங்க ஓட்டு" என்று ஒரே பேராகச் சொல்லி, ஆயிரம் ரூபாய், இலவச பஸ், சிலிண்டர் என்று மூன்றே வார்த்தையில் எங்களை முடித்துவிடுகிறார்கள். அந்த ஆயிரத்தை நான் குறை சொல்ல மாட்டேன், 2023 செப்டம்பரிலிருந்து மாதாமாதம் வருகிறது, சில வீடுகளில் அந்த அம்மாவின் கைக்கென்று வருகிற ஒரே பணம் அதுதான். ஆனால் டெல்லியில் நடக்கிற எதைப் பற்றியும் எங்களுக்கு அபிப்பிராயம் கிடையாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

தொகுதி மறுவரையறையை, அதாவது ஜனத்தொகைக்கு ஏற்ப எம்.பி. இடங்களைத் திரும்பப் பிரிப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். 1971 கணக்கெடுப்பை வைத்து மாநிலங்களுக்குப் பிரித்த எம்.பி. இடங்களை 1976-ல் அப்படியே நிறுத்தி வைத்தார்கள், 2001-ல் அதையே 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரைக்கும் நீட்டினார்கள். அந்தக் கெடு இப்போது வந்துவிட்டது. ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழ்நாட்டுக்கு 39 இடத்தின் பலம் குறைவதா என்று மேடைக்கு மேடை கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, நாங்களும் கூடவே கேட்கிறோம். ஆனால் கட்டுப்படுத்தியது யார்? தமிழ்நாடா ஆபரேஷன் தியேட்டரில் படுத்தது? இரண்டாவது பிரசவத்தோடு அங்கேயே கருத்தடையும் செய்துகொண்டு, பத்தாம் நாள் குடத்தைத் தூக்கிய எங்கள் அம்மாக்களும் அக்காக்களும்தானே. ஆண்களுக்கான ஆபரேஷன் இதைவிடச் சின்னது என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள், வந்து படுத்த ஆம்பளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் பேச்சில் ஒருதடவையாவது அந்தப் பெண்கள் வந்தார்களா? வரவில்லை. அதற்குப் பதில் முதல்வர் ஸ்டாலின் 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண மேடையில், புது ஜோடிகள் சீக்கிரமாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். எம்.பி. எண்ணிக்கைக்காகச் சொன்ன ஆதங்கம்தான், புரிகிறது. அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டப்போகிறவள் சிரிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இது சென்னைக்கு. டெல்லிக்காரர்களுக்கும் ஒன்று இருக்கிறது. 2023 செப்டம்பரில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று சட்டம் போட்டீர்கள், 106-வது திருத்தம். நாங்களும் சந்தோஷப்பட்டோம். அப்புறம் படித்துப் பார்த்தால், கணக்கெடுப்பு முடிந்து மறுவரையறை முடிந்த பிறகுதான் அமலுக்கு வருமாம். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பையே 2027-க்குத் தள்ளியவர்கள் நீங்கள். இப்போது எங்கள் நிலைமையைப் பாருங்கள்: மறுவரையறை வந்தால் எங்கள் மாநிலத்தின் குரல் குறையுமோ என்று பயம், வராவிட்டால் பெண்களுக்கு இடம் கிடையாது. தமிழ்நாட்டுப் பெண் இதில் எதற்காகக் கை தூக்குவது? இரண்டையும் ஒரே முடிச்சில் போடச் சொல்லி யார் கேட்டார்கள்? இருக்கிற 543-லேயே மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்திருக்கலாம். எந்தத் தொகுதி என்று எப்படிப் பிரிப்பது என்பீர்கள். உள்ளாட்சியில் சுழற்சி முறையில் வருஷக்கணக்காகப் பிரிக்கிறோமே, இங்கே 2016-லிருந்து பாதி இடமே பெண்களுக்குத்தானே. (சில வார்டுகளில் கவுன்சிலரம்மாவின் வீட்டுக்காரர்தான் கவுன்சிலர் என்பதும் தெரியும். அதைச் சாக்காகச் சொல்கிறவர்கள் அந்த வீட்டுக்காரரையல்லவா கண்டிக்க வேண்டும்?)

சட்டம் வராமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு, உங்கள் வேட்பாளர் பட்டியல். 2024-ல் மக்களவைக்குப் போன பெண்கள் 74 பேர். மதுரைத் தொகுதியிலிருந்து 1952 முதல் ஒரு பெண்கூடப் போனதில்லை. மீனாட்சி ஆட்சி என்று பெருமை பேசுகிற ஊர் இது! சட்டமன்றம் மட்டும் என்ன வாழ்ந்தது, 2021-ல் மதுரை மாவட்டத்துப் பத்துத் தொகுதியிலும் ஜெயித்தது ஆண்கள். நாம் தமிழர் கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை, அவர்கள் பேச்சில் பாதி எனக்கு ஒத்துவராது, ஆனாலும் பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்து நிறுத்துகிறார்கள். ஜெயிக்கிற பெரிய கட்சிகளுக்கு என்ன தடை?

அடுத்தது வாக்காளர் பட்டியல் திருத்தம், எஸ்.ஐ.ஆர். செத்தவர் பெயரை எடுப்பது தப்பில்லை. எங்கள் தெருவிலேயே எப்போதோ காலமான தாத்தா ஒருவர் பட்டியலில் திடகாத்திரமாக இருந்தார். அதனால் இது முழுக்கச் சதி என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன ஒரு பெண்ணை மனதில் நினைத்தாரா என்று தெரியவில்லை. 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயர், இல்லாவிட்டால் பெற்றவர் பெயர், பாகம் எண், வரிசை எண். ஆம்பளைக்கு அது அதே தெருவிலேயே கிடைத்துவிடும். பேரையூரிலிருந்தும் கமுதியிலிருந்தும் வாக்கப்பட்டு வந்தவள் எங்கே போவாள்? அப்பா பெயர் அங்கே ஒரு எழுத்து மாறியிருக்கும், தொகுதியே பெயர் மாறியிருக்கும், அண்ணனுக்கு போன் போட்டால் சொத்துப் பேச்சுக்காகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுக்க மாட்டான். படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவர்களில் அங்கன்வாடிப் பெண்களும் ஏராளம், அவர்கள் பாடு தனி. 2025 டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர் இல்லை. இதில் இறந்தவர் எத்தனை, இடம் மாறியவர் எத்தனை என்று கணக்குச் சொல்கிறீர்கள். இடம் மாறியவர்களில் கல்யாணத்தால் மாறிய பெண்கள் எத்தனை பேர், அவர்கள் புது வீட்டில் சேர்க்கப்பட்டார்களா என்று எந்தக் கட்சியின் பூத் முகவராவது பார்த்தாரா? எங்கள் பக்கம் வந்தவர்கள், "உங்க வீட்ல எத்தனை ஓட்டு" என்பதோடு போய்விட்டார்கள்.

சரி, மலைக்கு வருகிறேன். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் திருப்பரங்குன்றம் தெரியும். கீழே சுப்பிரமணிய சுவாமி கோயில், மேலே காசி விசுவநாதர், சிக்கந்தர் தர்கா. 2025 கார்த்திகைக்கு, தர்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற தீபத்தூணில் விளக்கேற்றுவது பற்றி எங்கள் குழுவுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. முருகன் மலையில் விளக்கேற்றினால் என்ன என்று சிலர், உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கம் ஏற்றுகிற வழக்கம் இருக்கிறதே அது போதும் என்று சிலர். தூணில் ஏற்றச் சொல்லி கோர்ட் உத்தரவு வந்தபின் அரசாங்கம் அதை நடத்தியிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன், அதற்காக வெளியூர் ஆட்கள் வந்து தடுப்பைத் தள்ளிக் கோஷம் போட்டதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேசினோம், கொஞ்சம் சத்தமாகவே பேசினோம், பிறகு தவணைப் பணத்தை எண்ணிவிட்டு எழுந்தோம். எங்களால் முடிகிறது. தடை உத்தரவு போட்ட அன்று பூ விற்கிறவளும் தர்கா பக்கம் கடை வைத்திருப்பவரும் ஒன்றாகத்தான் கடையைச் சாத்தினார்கள். வழக்கு கோர்ட்டில் நடக்கட்டும், நீங்கள் ஓட்டுக் கேட்க இந்த மலையடிவாரத்துக்கு வராதீர்கள். இது இரண்டு பக்கத்தாருக்கும்தான்.

மலைக்குக் காட்டிய வேகத்தை பக்கத்திலேயே தோப்பூரில் காட்டியிருக்கலாம். எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி. அங்கே படிக்க வேண்டிய பிள்ளைகளை 2022-லிருந்து ராமநாதபுரத்தில் உட்கார வைத்தார்கள். செங்கல் காட்டி ஓட்டு வாங்கியவர்கள் ஒரு பக்கம், கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்பவர்கள் ஒரு பக்கம். மதுரை மெட்ரோ ரயிலும் அப்படித்தான், 2011 கணக்குப்படி ஜனத்தொகை போதாது என்று டெல்லியில் திட்டத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

நூறு நாள் வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன், தனக்கன்குளம், நிலையூர்ப் பக்கம் பெண்கள் கேட்கச் சொன்னார்கள். 2025 டிசம்பரில் டெல்லியில் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியது கொண்டுவந்தார்கள். 125 நாள் என்கிறார்கள், ஆனால் செலவில் நூற்றுக்கு நாற்பது இனி மாநிலத்தின் தலையில், விவசாய வேலை மும்முரமான காலத்தில் அறுபது நாள் வரை நிறுத்தியும் வைக்கலாம். பெயரிலிருந்து காந்தியை எடுத்ததற்காகப் போராடினீர்கள். 1921-ல் அவர் மேல்சட்டையைத் துறந்த ஊர் என்பதால் எங்களுக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது வேறு: நாற்பது பங்கை மாநிலம் கொடுக்குமா, கொடுக்காவிட்டால் கூலி எத்தனை வாரம் நிற்கும், நடவு நேரத்தில் நிறுத்தினால் வயலில் எங்களைக் கூப்பிடுவார்களா, மிஷினைக் கூப்பிடுவார்களா?

எனவே எங்கள் தெருவுக்கு வருகிறவர் ஆரத்தித் தட்டில் போடப் பணம் கொண்டுவர வேண்டாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், முடிந்தால் அவரே வேட்பாளராகவும் பெண்ணாகவும் இருக்கட்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் யாரும் வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
திருநகரிலிருந்து ஒரு வாக்காளர்