ரிச்சி தெருவிலிருந்து சிறப்புப் பள்ளி வரை: தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பள்ளி ரோபாட்டிக்ஸ் அணி இந்தக் கல்வியாண்டில் வெளியே எடுத்துச் சென்ற வேலைகள் இரண்டு. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் ரோபாட் செய்யக் கற்றுக்கொடுப்பது ஒன்று. கை அசைவு குறைந்த குழந்தைகள் தாங்களாகவே விளையாடும்படி கடைப் பொம்மைகளில் பெரிய பட்டன் பொருத்திக் கொடுப்பது இன்னொன்று. ‘அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், யார் எதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது தொலைந்துபோகும். அதனால் விவரமாகவே எழுதுகிறோம். இதே வேலையில் இறங்க நினைக்கும் வேறு பள்ளி அணிகளுக்கும் உதவும்.

முதல் நன்றி, சிறப்புப் பள்ளியின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) அக்காக்களுக்கு. பெருமூளை வாதம் உள்ள பல குழந்தைகளுக்குப் பொம்மையின் அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்சைத் தள்ள விரல் வராது. ஆனால் முழங்கையாலோ கன்னத்தாலோ பாதத்தாலோ ஒரு பெரிய பட்டனை அழுத்த வரும். எந்த இடம் தோது என்பதைக் குழந்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பட்டனை மேசையில் வைத்துவிட்டுக் குழந்தையை அதற்கேற்ப வளைக்கக் கூடாது என்று அவர்கள் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அழுத்தியதும் பொம்மை ஆட வேண்டும், எடுத்ததும் நிற்க வேண்டும். நடுவில் தாமதம் இருந்தால், தான் அழுத்தியதால்தான் அது ஆடுகிறது என்பது குழந்தைக்குப் பிடிபடுவது சிரமம். திடீர்ச் சத்தம் கேட்டால் இந்தக் குழந்தைகளில் பலருக்கு உடம்பே தூக்கிப்போடும். அதனால் ஸ்பீக்கர் துளைகளை உள்பக்கமாக டேப் ஒட்டி அடைத்துச் சத்தத்தைக் குறைத்த பிறகே பொம்மையைக் கொடுக்கிறோம். காசு அளவிலுள்ள பட்டன் பேட்டரியில் ஓடும் பொம்மைகளை அறவே விலக்கச் சொன்னவர்களும் அவர்கள்தான். அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடக்கூடும்.

பொம்மையில் செய்யும் மாற்றம் சிறியது. இருபுறமும் செம்பு பூசிய மெல்லிய பி.சி.பி. போர்டில் (மின்சுற்றுப் பலகையில்) பேட்டரி முனையின் அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டி, பக்கத்துக்கு ஓர் ஒயர் சால்டர் செய்து, அவற்றின் மறுமுனைகளை 3.5 மி.மீ. மோனோ சாக்கெட்டில் (ஹெட்ஃபோன் செருகும் அளவுத் துளையில்) சேர்க்க வேண்டும். அந்தச் சதுரத்தைப் பேட்டரிக்கும் அது தொடும் தகட்டுக்கும் நடுவில் செருகினால் மின்சுற்று அங்கே அறுந்து நிற்கும். பொம்மையின் சொந்த ஸ்விட்சை ஆனில் விட்டுவிட்டு, சாக்கெட்டில் பெரிய பட்டனை மாட்டி அழுத்தினால் ஆடும். 1.6 மி.மீ. போர்டு போட்டால் பல பொம்மைகளில் பேட்டரி மூடி மூடாது, 0.8 மி.மீ. சரியாக இருக்கும். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளில் தேய்க்க மறக்கக் கூடாது. செம்புப் பிசிறு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தைத் தொட்டுக்கொண்டால், பட்டனை அழுத்தாமலேயே பொம்மை ஓடிக்கொண்டிருக்கும்.

ஆன் செய்த பிறகு வயிற்றைத் தட்டினால்தான் பாடும் வகைப் பொம்மைகளுக்கு இந்த வழி ஒத்துவராது. மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் சிப், புதிதாக ஒரு தட்டலுக்குக் காத்திருக்கும். அங்கே பொம்மையைப் பிரித்து, தட்டும் பட்டனின் இரண்டு கால்களிலிருந்தும் இணையாக ஒயர் எடுத்தாக வேண்டும். துணிப் பொம்மைகளைப் பிரிக்கத் துணை நின்ற தையற்கடை அக்காவுக்கு இங்கேதான் நன்றி சொல்ல வேண்டும். நடுவில் கத்தி வைக்காமல் முதுகுத் தையலை மட்டும் பிரித்து, வேலை முடிந்ததும் வெல்க்ரோ வைத்துத் தைத்துக் கொடுத்தார். நாளைக்கு ஓர் ஒயர் விட்டுப்போனாலும் மறுபடி தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒயரைக் குழந்தைகள் பிடித்து இழுப்பார்கள் என்பது உறுதி. உள்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் துளை வழியே வெளியே விட வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் குளூ கன் பசை மட்டும் நிற்காது, சீக்கிரமே பெயர்ந்துவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருக் கடைக்கார அண்ணன்களுக்கும் பாய்க்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. வீடியோ கேம் பட்டன்களில் 100 மி.மீ. அகலத்தில் குமிழ் போன்றது ஒன்று உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வலுவில்லாத கைக்கு அழுத்த முடியாத அளவு கனம். உள்ளே இருக்கும் மைக்ரோ ஸ்விட்சைத் திருகிக் கழற்றி, இலகுவான ஒன்றை மாட்டி, ஸ்பிரிங்கையும் மாற்றலாம் என்று கடை மேசையிலேயே பிரித்துக் காட்டினார் ஒரு அண்ணன். ரோபாட்டின் மூளையாக இருக்கும், மைக்ரோ யு.எஸ்.பி. செருகும் ஆர்டுயினோ வகைப் போர்டுக்குக் கேபிள் வாங்கும்போது, சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளா டேட்டாவும் போகும் கேபிளா என்று கடையிலேயே லேப்டாப்பில் செருகிப் பார்த்துக் கொடுத்தார் பாய். வகுப்பில் ‘போர்டே தெரியவில்லை’ என்று பிள்ளைகள் தவிக்கும்போது பாதிக்கு மேல் காரணம் அந்தக் கேபிள்தான். சக்கரத்தைச் சுழற்றும் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டாரில் ஒயர் சேர்க்கும் செம்புக் காது, ஒயரை இரண்டு தடவை ஆட்டினாலே முறிந்துவிடும். சால்டர் செய்த கையோடு ஒயரை மோட்டார் உடம்போடு சேர்த்துக் கேபிள் டை போடுங்கள், பத்து மோட்டாருக்கு இரண்டு உபரியாக வாங்குங்கள் என்பது அவர் சொன்ன கணக்கு.

பேட்டரி விஷயத்தில் எங்களுக்குக் கண் திறந்தவர், ஓய்வு பெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் ஐயா ஒருவர். பள்ளி ரோபாட் என்றாலே 9 வோல்ட் சதுர பேட்டரியைச் செருகுவது வழக்கமாகிவிட்டது. அதன் உள்தடை (பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கும் தடை) அதிகம். இரண்டு மோட்டாரும் சேர்ந்து கிளம்பும் நொடியில் வோல்டேஜ் படுத்துவிடும், போர்டு ரீசெட் ஆகும், மோட்டார் நிற்கும், வோல்டேஜ் ஏறும், மறுபடி கிளம்பும். ரோபாட் நின்ற இடத்திலேயே துடிக்கும். பிள்ளைகளோ புரோகிராமில் தப்பு என்று நினைத்துச் சரியாக இருக்கும் வரிகளையெல்லாம் அழிப்பார்கள். ஐயா சொன்ன மாற்று, ஏ.ஏ. அளவில் ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் ஆறு. செல்லுக்கு 1.2 வீதம் 7.2 வோல்ட். அதில் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் எல்298என் மோட்டார் டிரைவர் ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிட்டாலும் மோட்டாருக்கு 5 வோல்ட் மிஞ்சும். 18650 லித்தியம் செல் இதைவிடச் சக்தி வாய்ந்ததுதான். ஆனால் பையில் கிடக்கும் சாவிக்கொத்து அதன் இரு முனைகளிலும் பட்டால் தீப்பிடிக்கலாம் என்பதால், பள்ளிகளில் விட்டுவரும் பெட்டிகளில் அதை வைப்பதில்லை.

ரோபாட் ஓடும் தளத்துக்கு மீந்த ஃபிளெக்ஸ் பேனர் துண்டுகளை இலவசமாகத் தந்த பிரிண்டிங் கடைக்காரர்களுக்கு நன்றி. அச்சடிக்கும் பக்கத்தின் பளபளப்பில் ட்யூப்லைட் எதிரொளித்து, கோட்டைக் கண்டறியும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) சென்சார் குழம்பும். மங்கலான வெள்ளைப் பின்பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் நன்றாக ஓடும். மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் மடிப்பில் முன்சக்கரம் தூக்கி, ரோபாட் கோட்டை விட்டுவிடும். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருப்பதால் ஜன்னலோரம் சென்சார் ஏமாறும். கிழக்குப் பார்த்த வகுப்பறைகளில் காலை வகுப்பை மதியத்துக்கு மாற்றிக் கொடுத்த தலைமையாசிரியர்களின் பெருந்தன்மையை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும்.

மாநகராட்சிப் பள்ளிக் கணினி ஆசிரியர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னது பலருக்குப் பயன்படும். உபுண்டு 22.04 இயங்குதளம் போட்ட லேப்டாப்பில், சி.எச்.340 என்ற யு.எஸ்.பி. சிப் உள்ள ஆர்டுயினோ போர்டைச் செருகியதும் அதற்கான இணைப்பு (போர்ட்) தோன்றி உடனே மறைந்துவிடும். பிரெய்ல் கருவிகளுக்கான பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற நிரல், இந்தப் போர்டைப் பிரெய்ல் கருவி என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். அந்த நிரலை நீக்கினால் சரியாகும். ஆனால் பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் யாராவது அந்த லேப்டாப்பைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்காமல் கை வைக்கக் கூடாது. அதன் பிறகும் அனுமதி இல்லை என்று வந்தால், பயனரை, அந்த இணைப்பைப் பயன்படுத்த உரிமை தரும் ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து திரும்ப வர வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் 3 மி.மீ. அக்ரிலிக்கை லேசரில் வெட்டிக் கொடுத்த பட்டறைக்கு நன்றி. 3 மி.மீ. திருகுக்கு 3.2 மி.மீ. துளையும் வாஷரும் என்று அவர்கள் வரைபடத்திலேயே திருத்திய பிறகு, திருகு முறுக்கும்போது துளையோரம் விரிசல் விடுவது நின்றது. பெட்டிகளை ஏற்றி இறக்கிய ஆட்டோ அண்ணன்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்த பெற்றோருக்கும் நன்றி.

பொம்மைப் பணி தொடர்கிறது. ஏ.ஏ. அல்லது ஏ.ஏ.ஏ. பேட்டரியில் ஆடுகிற, நடக்கிற, விளக்கு எரிகிற பழைய பொம்மை வீட்டில் இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். பேட்டரித் தகட்டில் பச்சைப் பூப்பு இருந்தாலும் பரவாயில்லை, வினிகர் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாங்கள் மாற்றிக் கொடுத்த பொம்மை எதுவும் நின்றுபோயிருந்தால் சிறப்புப் பள்ளி அக்காக்களிடம் திருப்பித் தாருங்கள், சரிசெய்து தருகிறோம்.

நன்றியுடன்,
ரோபாட்டிக்ஸ் அணி மாணவர்கள்,
சென்னை