பரிசளிப்போடு முடிந்துபோகும் புத்தாக்கங்கள்

மலையகப் பல்கலைக்கழகங்களின் உபவேந்தர்களுக்கும் பீடாதிபதிகளுக்கும்,

வணக்கம். நிலைபேறான அபிவிருத்தி பற்றியும் அதற்கான மாணவர் புத்தாக்கங்கள் பற்றியும் உங்கள் மேடைகளில் நிறையவே கேட்டுவிட்டோம். பரிசு பெறும் அந்தப் புத்தாக்கங்களை யார், எந்தப் பணத்தில், எவ்வளவு காலம் நடத்துவது என்பதுதான் என் கேள்வி.

நல்ல நோக்கம் முகாமைத்துவம் இல்லாமல் என்னாகும் என்று இந்த மலைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தேயிலையில் சோதித்துப் பார்க்க ஒரு பருவம்கூட விடவில்லை. ஆண்டு முடியுமுன்பே தடை நீங்கியது. ஆனால், 2021 இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 25.1 கோடி கிலோவுக்கு இறங்கியது. அந்நியச் செலாவணி நெருக்கடிக்கும் இதில் பங்குண்டு. எது காரணமானால் என்ன, கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுவது தொழிலாளிக்குத்தான்.

சர்வதேச தர நிர்ணய அமைப்பு 2019 இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 56002 என்ற புத்தாக்க முகாமைத்துவ வழிகாட்டி ஐந்து வேலைகளைச் சொல்கிறது: வாய்ப்பை இனங்காணுதல், எண்ணக்கருவை உருவாக்குதல், அதைச் சோதித்து உறுதிசெய்தல், தீர்வாக வளர்த்தெடுத்தல், பயன்பாட்டில் இறக்குதல். உரத்தடை மூன்றாவதைத் தாண்டிக் குதித்தது. நமது கல்வி நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாவதிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. போட்டி, பரிசு, புகைப்படம். மாணவர் பட்டம் பெற்று வெளியேறியதும் அவர் செய்த கருவி களஞ்சிய அறைக்குள் போய்விடுகிறது.

அறிவுக்குப் பஞ்சமில்லை. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் இயங்குகிறது. பேராதனையில் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் ஒரே வளாகத்தில் உள்ளன. குறைவது பொறுப்பாளர்கள்தான்.

ஆகவே, ஒவ்வொரு திட்டத்துக்கும் மாணவர் போன பின்பும் இருக்கக்கூடிய ஒரு விரிவுரையாளரைப் பொறுப்பாக்குங்கள். பராமரிப்புச் செலவை அடுத்த ஆண்டுப் பாதீட்டிலும் சேருங்கள். முதல் சோதனைக்களம் உங்கள் வளாகமாகவே இருக்கட்டும்: விடுதிச் சமையலறைக் கழிவு, சரிவில் ஓடும் மழைநீர், மின்கட்டணம். அங்கே ஓராண்டு தாக்குப்பிடித்ததைத் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களும் கொழுந்து உலர்த்த விறகு போடுபவர்களும் அதைப் பார்த்துக் குறை சொல்லட்டும். அதற்கும் திட்ட அறிக்கையில் இடம் வையுங்கள்.

அடுத்த போட்டியை அறிவிக்கும்போது, முன்பு பரிசு பெற்றவற்றில் எவை இன்றும் இயங்குகின்றன என்ற பட்டியலையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மலையகத் தோட்டமொன்றில் பிறந்த பட்டதாரி