ஐயா பெயர் கொண்ட பிள்ளைக்கு

சிவமயம்

தேவகோட்டை

அன்புள்ள தம்பிக்கு அப்பச்சி எழுதுவது. நானும் ஆத்தாவும் நலம். நீயும் மருமகளும் நலமாக இருக்கப் பழனியாண்டவர் துணை.

பிள்ளையார் நோன்பு நல்லபடியாக முடிந்தது. இந்த வருடம் ஆவாரம்பூவுக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் நகரத்தார் எல்லோரும் கூடி, மாவில் வைத்து ஏற்றிய நூல் திரியை வாயில் வாங்கி இழை எடுத்துக்கொண்டதாக உன் அயித்தான் சொன்னார். உன்னைக் காணவில்லை என்றும் சொன்னார். வேலை இருந்திருக்கும். உன் வேலையைப் பற்றி ஊரில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிபவன் நான். ஆனாலும் இழை எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும், தம்பி? நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் விழித்திருக்காதே. இரண்டாங்கட்டில் ஓடு ஒழுகுகிறது, பங்காளிகளிடம் சொல்லியிருக்கிறேன். அது இருக்கட்டும்.

போன ஆடியில் நீ வந்திருந்தபோது பெரிய வளவு ஆச்சி உன்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். அன்று இரவு சாப்பிடும்போது என் இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உன் போன் குறைந்துவிட்டது. மருமகள் ஆத்தாவிடம் அழுதிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை, அது உங்கள் இருவர் விஷயம். ஆச்சிக்குத் தெரிந்தது பாதிதான். மீதி எனக்குத்தான் தெரியும்.

1961-இல், எனக்கு எட்டு வயதில், என்னை இந்த வீட்டுக்குப் பிள்ளை கூட்டினார்கள், தத்தெடுத்தார்கள். பெற்ற ஆத்தா நாலு தெரு தள்ளித்தான் இருந்தார். தத்துச் சடங்கில் மஞ்சள் நீர் குடித்த பிறகு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று என்னைக் கூட்டிக்கொண்ட உன் ஐயா சொல்லியிருந்தார். ஒரு நாள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது முகப்பில் உட்கார்ந்திருந்தார், மடியில் புளிய விளாறு. மணிக்கட்டு எலும்பு முறிந்தது அன்றுதான். பெட்டகசாலைக்குள் தள்ளிப் பூட்டினார். அப்பத்தா கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "அழாதே அப்பு, சத்தம் கேட்டால் இன்னும் கோபம் வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது ஒரு நாள் கதை அல்ல. கணக்கில் காலணா தவறினாலும் அடி, சோற்றில் முடி கிடந்தாலும் எனக்குத்தான் அடி.

நோன்பன்று வீட்டில் எல்லோருக்கும் இழை கொடுப்பவரும் ஐயாதான். எரிகிற திரியோடு அந்தக் கை என் வாய்க்கருகில் வரும். மற்ற பிள்ளைகள் நெருப்பைப் பார்த்துப் பயப்படும். எனக்கு அந்தக் கையைப் பார்த்துத்தான் பயம்.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் வட்டிக்குக் கடன் கொடுத்த நம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது, கொடுத்த கடன் திரும்பாமல் வந்த வயல்கள். அங்கே வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகப் போன ஐயா, 1942-இல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்த சமயத்தில் அரக்கான் மலை வழியாக நடந்தே வந்தவர். கூட நடந்த தம்பியை வழியில் காலராவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சுதந்திர பர்மா கொண்டுவந்த நிலச் சட்டங்களில் வயலும் போயிற்று. இதெல்லாம் தெரிந்ததால் நான் பட்ட அடி குறைந்துவிடாது. எவ்வளவு பெரிய நஷ்டமும் ஒரு சிறுவனின் எலும்பை முறிப்பதற்கு நியாயம் ஆகாது. இதைப் பழனி மலை மேல் நின்றும் சொல்வேன்.

பழனி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பத்தொன்பது வயதில் அப்பத்தாவின் வேண்டுதலுக்காகக் குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு முதல் முறை நடந்தேன். பக்தி எதுவும் இல்லை, வீட்டை விட்டுச் சில நாள் விலகியிருக்கலாம் என்பதே எண்ணம். சிங்கம்புணரி தாண்டும்போதே பாதம் முழுக்கக் கொப்புளம். நத்தத்தில் தங்கிய இரவில் ஒரு பெரியவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கொப்புளத்தில் நூலை விட்டு நீரை வடிப்பதற்காக என் காலைத் தொட்டார். நான் வெடுக்கென்று காலை இழுத்து இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாரப்பா உன்னை இப்படி அடித்தது?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. விடிய விடிய அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு கொப்புளமாக நூல் கோத்து, மஞ்சள் வைத்து, "நாளைக்கு என் கூடவே நட" என்றார். நடந்தேன். மலை மேல் முருகன் முன்னால் நின்றபோது, இந்தப் பயத்தை இனி நான் சுமக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. தை தோறும் நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முருகன்தான் இறக்கினான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது பட்டாலையில் இருந்த பெல்ஜியம் கண்ணாடிக்கு வருகிறேன். நீ ஐந்தாம் வகுப்பு. உன் பந்து பட்டு அது மேலிருந்து கீழ்வரை நொறுங்கியது. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, கை ஓங்கிவிட்டது. நீ கண்ணை மூடவில்லை, ஒதுங்கவில்லை. அந்தக் கை எதற்காக மேலே போகிறது என்றே தெரியாமல் என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாய். அடி என்றால் என்ன என்று அறியாத பிள்ளை அப்படித்தான் நிற்கும். கையை இறக்கிவிட்டேன். செருப்புக்கூடப் போடாமல் ஊருணிக் கரைக்குப் போய் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். உனக்கு அந்த நாள் நினைவில் இருக்காது.

உனக்குக் கோபமே வராது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் வந்தது. வந்த கை இறங்கியும் விட்டது, தம்பி. இறக்க முடியும்.

ஐயா பெயரை உனக்கு வைக்கத்தான் வேண்டுமா என்று அப்போதே உன் ஆத்தா கேட்டாள். மூத்தவனுக்கு ஐயா பெயர் என்பது வழக்கம், வைப்போம் என்றேன். உன்னை மடியில் வைத்தபோது அவர் கை நடுங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் பெயர் என்பதால் உன்னை இன்றுவரை பெயர் சொல்லி அழைத்ததில்லை. பெயரோடு அவர் குணமும் உன்னிடம் வந்துவிட்டதாக நினைக்கிறாயா? முப்பத்தெட்டு வருடமாக உன்னைப் பார்க்கிறேன். ஆத்தாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது இரவெல்லாம் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவன் நீ. உனக்கு ஒரு மகன் பிறந்தால் அவனுக்கு வரப்போவது என் பெயர். எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டு எழுதிவிட்டேன். மகளாக இருந்தாலும் எங்களுக்கு அதே சந்தோஷம்தான்.

அங்கே சிங்கப்பூரில் டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு ஒரு தடவை போய் வா. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னதாக இங்கே வர முடியுமா என்று பார். குன்றக்குடியிலிருந்து திண்டுக்கல் வரையாவது என்னோடு நட, முடியாவிட்டால் அங்கிருந்து பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். இப்போதே செருப்பில்லாமல் கொஞ்சம் நடந்து பழகு. டிக்கெட் போட்டதும் தகவல் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. மருமகள் மேல் கோபப்படாதே, அவளாக எதுவும் சொல்லவில்லை, ஆத்தாதான் துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பச்சி