சித்தப்பாவுக்கு, 2025 ஆகஸ்ட் 15க்கு முன்

சித்தப்பா,

ஒரே தெருவில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்பீர்கள். ஊருக்கு வந்து ஆறு மாதமாகியும் உங்கள் வாசற்படி ஏற எனக்குத் தைரியம் வரவில்லை.

மே 1 கிராம சபைக்கு நீங்கள் போகவில்லையாம். "யார் வந்தா என்ன, நாம உழைச்சாத்தான் சோறு" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னீர்களாம். தம்பி சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நான் சொன்ன பேச்சு. அதற்காக என்னை எத்தனை முறை திட்டியிருக்கிறீர்கள்!

நீங்கள் கேள்வி கேட்ட அந்தச் சபை நடந்து, வருகிற ஆகஸ்ட் 15 வந்தால் மூன்று வருஷம். அன்று பள்ளிக்கூட வளாகத்தில் நாற்பது பேர்கூட இல்லை. நம் ஊர் ஜனத்தொகைக்கு, சபை செல்லுபடியாகக் குறைந்தது 200 பேர் வேண்டும். மினிட் நோட்டில் எத்தனை கையெழுத்து இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம், நம் ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். ஃபேன் காற்றில் உங்கள் தாள்கள் பறந்தன. மூக்குக்கண்ணாடிக் கூட்டை அவற்றின் மேல் வைத்துவிட்டு எழுந்தீர்கள். ஒரே மோட்டாருக்கு ஒரே மாதத்தில் கம்பிச் சுருள் (காயில்) கட்டியதாக இரண்டு பில் ஏன் என்று கேட்டீர்கள். "பெருசு, உட்காருங்க" என்று ஒரு குரல். அப்புறம் சிரிப்பு. அப்போது திரும்பி என்னைத் தேடினீர்கள்.

அந்த இரண்டாவது பில்லைக் கண்டுபிடித்தது நான். கேள்வியை டைப் அடித்துக் கொடுத்ததும் நான். வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்திருந்த நான், உங்களைப் பார்த்ததும் போனைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

என் ஓட்டு சென்னையில் இருக்கிறது, நம் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவன் சபையில் எப்படிப் பேசுவது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சட்டப்படி அது சரிதான். ஆனால் உண்மை அது இல்லை. தங்கச்சிக்கு அந்த வாரம்தான் ஒரு இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. யார் வீடு, யாருக்கு என்ன உறவு என்பது உங்களுக்குத் தெரியும். நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள். ஊரைப் பகைத்துக்கொள்வது உங்களுக்குச் சுலபம். சித்தி காய்ச்சலில் கிடந்த அன்றும் நீங்கள் சபையில்தானே இருந்தீர்கள்! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அம்மா. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க உட்கார்ந்து சண்டை போடுகிறேன். மன்னித்துவிடுங்கள், சித்தப்பா.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அடுத்த சபையில் வரவு செலவை பிளக்ஸில் அடித்துச் சுவரில் கட்டினார்கள். பொடி எழுத்துதான், கிட்டப் போனால்தான் தெரியும். பால் ஊற்றப் போன இரண்டு பெண்கள் கேனை இறக்கி வைத்துவிட்டு, தெருவிளக்குக் கணக்கில் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று தங்கச்சி சொன்னாள். சட்டசபையில் போய் நாம் வாய் திறக்க முடியாது. இங்கே ஓட்டு இருந்தால் போதும், வருஷத்துக்கு ஆறு முறை எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம்.

இப்போது ஊராட்சித் தலைவரே இல்லை, ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து அரசு போட்ட தனி அலுவலர்தான், யாரிடம் கேட்பது என்கிறீர்களாம். 2016க்கு அப்புறம் மூன்று வருஷம் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் காலம் ஓடியதே, அப்போது ஒரு சபையையாவது விட்டீர்களா?

படிவம் 8 கொடுத்து என் ஓட்டை நம் ஊருக்கு மாற்றிவிட்டேன். பட்டியலில் பெயர் வந்துவிட்டது. தங்கச்சி கல்யாணமும் முடிந்துவிட்டது, எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. மேல்நிலைத் தொட்டி கழுவிய கணக்கை இந்த முறை நான் கேட்கிறேன். கை நடுங்கினால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

15ஆம் தேதி பத்தரை மணிக்கு வண்டியோடு உங்கள் வாசலில் நிற்பேன். கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே ஃபேன் காற்று இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம்.

உங்கள் அண்ணன் மகன்