ஒரு கல்லறையை ஒரே பெட்டியில் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எகிப்து அரசர் கல்லறைப் புதையல்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை தங்கத்தின் எடையோடு நின்றுவிட்டது. எகிப்து அரசன் துட்டன்காமனின் தங்க முகமூடி 10 கிலோவுக்கு மேல் என்பது சரிதான். ஆனால் 1922இல் தொல்லியலாளர் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த அவனது கல்லறையில் எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் குறித்திருக்கிறார்கள். அதுதான் பெரிய விஷயம். நூல் இற்றுப்போன மணிகளைத் தொட்டால் வரிசை கலைந்துவிடும் என்று, மேலே உருக்கிய பாரபின் மெழுகை ஊற்றி இறுகவிட்டு எடுத்தார்கள்.

மாலிலோ பொருட்காட்சி மைதானத்திலோ அந்த முகமூடி வைக்கப்பட்டிருந்தால் அது பிரதிதான். அசல் இப்போது எகிப்தை விட்டு வெளியே போவதில்லை. பிரதி என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். முதுகுப்புறம் பொறித்த மந்திர எழுத்தை நிதானமாகப் பார்க்கலாம். தலைத்துணியின் நீலப் பட்டைகள் கண்ணாடி, புருவம்தான் லாபிஸ் லசூலி என்னும் நீல நிறக் கல் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பிரதி என்பதை டிக்கெட்டிலேயே அச்சடிக்காத அமைப்பாளர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

அசல் பொருள்கள் உள்ள கூடத்தில் விளக்கு மங்கலாக இருந்தால் குறை சொல்ல வேண்டாம். துணி, மரச்சாயம், பாப்பிரஸ் (நாணல் தாள்) போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுதான் வெளிச்சம் வைப்பார்கள். அதற்கு மேல் போனால் நிறம் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. உள்ளே போனதும் ஐந்தாறு நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு பாருங்கள். காங்கேயம் பக்கம் கல் வியாபாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் இங்கே உதவாது. அதற்குப் பொருள் இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்டியின் கண்ணாடியே அந்தத் தூரத்தைத் தின்றுவிடும். இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி போதும். செல்போன் டார்ச் அடித்தால் கண்ணாடியின் எதிரொளிதான் தெரியும். சற்றுப் பக்கவாட்டில் நின்றால் மணியின் துளை தெரியும்.

கல்மணியில் பார்க்க வேண்டியதே துளைதான். பழைய மணிகளை இரு முனையிலிருந்தும் துளைப்பார்கள். நடுவில் இரண்டும் நேராகச் சேராமல் சிறு படி விழுந்திருக்கும். இயந்திரத் துளை நேராக, ஒரே அகலமாக ஓடும். சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்மணியில் தெரியும் வெள்ளைக் கோடு பெயின்ட் அல்ல, சோடா போன்ற காரப்பொருள் கலவையால் எழுதிச் சுட்டது.

இதற்காகக் கெய்ரோ போக வேண்டியதில்லை. நொய்யல் கரையில், அகழாய்வு நடந்த பழங்கால ஊரான கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்தில் (பழங்காலக் கல்லறையில்) 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அரசனுடையதா, பெரிய வணிகனுடையதா என்பது வேறு பேச்சு. பச்சைக்கல்லுக்குப் படியூர், நீலக்கல்லுக்குச் சிவன்மலை என்று மூலம் பக்கத்திலேயே இருக்க, சூதுபவளம் மட்டும் குஜராத்திலிருந்து வந்தது. ஆனால் தமிழ்ப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், மாநிலத் தொல்லியல் துறை என்று தோண்டியவர்கள் பலர். பொருள்களை ஓரிடத்தில் பார்க்க வழியில்லை. காட்சிக்கு வைக்கும்போதும் மணி ஒரு பெட்டி, பானை ஒரு பெட்டி, இரும்பு ஒரு பெட்டி என்று இனம் பிரிக்கும் பழக்கம் பல அருங்காட்சியகங்களில் உண்டு. எந்த மணி எந்தக் குழியில் எந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியாமலே போகிறது.

கெய்ரோவை அடுத்த கீசாவின் புதிய பேரருங்காட்சியகம் துட்டன்காமன் பொருள்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 2025 நவம்பரில் ஒரே இடத்தில் சேர்த்துத் திறந்தது. நமக்கு அவ்வளவு பெரிய கட்டடம் வேண்டாம். ஈரோட்டில் ஒரே ஒரு கற்பதுக்கையை (பலகைக் கற்களால் ஆன கல்லறையை), இடுதுளைப் பலகையோடு (துளையிட்ட பக்கக் கல்லோடு) அசல் அளவில் நிறுத்தி, அதன் மணிகளையும் கருப்பு-சிவப்புக் கிண்ணங்களையும் கிடந்த இடத்திலேயே வைத்து, குழி எண்ணையும் தோண்டிய ஆண்டையும் தமிழில் எழுதினால் போதும். இரும்பையும் வெண்கலத்தையும் சேர்த்து வைப்பதானால் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் ஈரத்தை அளக்கும் ஈரமானியும் கட்டாயம். ஐப்பசி மழையில் ஜெல் நிறம் மாறியதும் எடுத்துக் காயவைக்க ஒரு ஆளையும் நியமிக்க வேண்டும். அந்த ஆள் இல்லாமல் துருப்பிடித்த பெட்டிகள் ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னிமலை.