ஆர்டர் எடுக்கும் முன் போர்டிங் நேரத்தைக் கேளுங்கள்

சென்னை விமான நிலையத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் நடத்துகிறவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வீடு பல்லாவரத்தில். நாற்பது வருடமாக மொட்டை மாடியில் வடாம் காயப் போடும்போதும் துணி எடுக்கும்போதும் தலைக்கு மேல் தாழ்வாகப் போகும் விமானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த என் அம்மா, போன மாதம்தான், 71 வயதில், முதல் முறையாக ஒன்றில் ஏறினார். புனேவில் தம்பி வீட்டுக்கு. காலை 9.40 விமானம். இட்லி கட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "வேண்டாம்டி, உள்ளேயே ஹோட்டல் இருக்குன்னு சொன்னியே, உட்கார்ந்து நிதானமா சாப்பிட்டுப் போகலாம்" என்றார்.

செக்யூரிட்டி எல்லாம் முடிந்து 8.10க்கு உங்களில் ஒருவருடைய உணவகத்தில் உட்கார்ந்தோம். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. அம்மாவுக்குப் பொங்கல் வடை, எனக்கு நெய் ரோஸ்ட், இரண்டு காபி. முதலில் வந்தது காபி. ஆறி, மேலே ஆடை கட்டும் வரை அம்மா அதைத் தொடவில்லை, சாப்பிட்ட பிறகுதான் காபி என்பது அவர் பழக்கம். 8.30 ஆனது, 8.40 ஆனது. போர்டிங் பாஸில் விமானம் ஏறும் நேரம் 8.55 என்று இருக்கிறது. 8.50க்குத்தான் தட்டு வந்தது, பொங்கல் கொதிக்கக் கொதிக்க. வாயில் வைக்க முடியாத சூட்டில் நாலு வாய் ஊதி ஊதிச் சாப்பிட்டார். என் ரோஸ்ட் வரவே இல்லை. பில் கேட்டு அது வர ஏழு நிமிடம், கார்டு மெஷினுக்கு சிக்னல் கிடைக்க இன்னும் கொஞ்ச நேரம். தட்டில் சோற்றை விட்டு எழுந்து பழக்கமில்லாத அம்மா, வடையை மட்டும் டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, முட்டி வலியோடு கேட்டை நோக்கி நடந்தார். விமானத்தில் உட்கார்ந்து பையைத் திறந்தால், எண்ணெய் ஊறி மூக்குக் கண்ணாடிக் கூடு வரை பிசுபிசுப்பு.

பரிமாறிய தம்பிமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பத்துப் பன்னிரண்டு டேபிளுக்கு இரண்டே பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். விலையைப் பற்றியும் பேச வரவில்லை. வாடகையும் வருமானத்தில் பங்கும் கொடுத்துத்தான் கடை நடத்துகிறீர்கள் என்று தெரியும். நின்றபடி ஒரு வாய் குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு 2025 பிப்ரவரியில் இங்கே உடான் யாத்ரி கபே என்ற மலிவு விலைக் கடை வந்துவிட்டது, டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய். அதை விட்டுவிட்டு உங்களிடம் வருகிறவர்கள் உட்காரத்தான் வருகிறார்கள். குழந்தையோடு வருகிறவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர்கள், என் அம்மா மாதிரி முதல் தடவை வருகிறவர்கள்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டேபிளில் உட்கார்ந்ததும், மெனு கார்டு கொடுப்பதற்கு முன்னால், "போர்டிங் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் புறப்பட 25 நிமிடம் இருக்கும்போதே கேட்டை மூடிவிடுகிறார்கள். இது தினமும் அங்கேயே இருக்கிற உங்களுக்கு அத்துப்படி. அம்மா மாதிரி ஒருவருக்கு டிக்கெட்டில் உள்ள 9.40தான் தெரியும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் மீதியை உங்கள் சப்ளையரே சொல்லிவிடலாம்: அம்மா, ரோஸ்ட் கல்லில் ஊற்ற நேரமாகும், இட்லி சாப்பிடுங்கள், உடனே வரும்.

இது நம் ஊர் ஹோட்டல்களுக்குப் புதிதும் இல்லை. மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் பொரியலும் கூட்டும் விழுகிறது, பின்னாலேயே சோறு வருகிறது, ஏனென்றால் எல்லாம் முன்கூட்டியே ஆகியிருக்கும். காலையிலும் அப்படித்தான், இட்லி ஈடு ஈடாக வெந்துகொண்டே இருக்கும், பொங்கல் பெரிய பாத்திரத்தில் சூடாகவே இருக்கும், கரண்டியால் எடுத்து வைக்க வேண்டியதுதான். கேட்ட பிறகு ஊற்ற வேண்டியது ரோஸ்ட்டும் ஊத்தப்பமும். அவசரமாக ஆபீஸ் போகிறவனையும் உட்கார வைத்துச் சாப்பிட வைத்து அனுப்பிய ஊர் இது. விமானம் பிடிக்கப் போகிறவர்களுக்கு அது முடியாதா? மெனு கார்டில் எது உடனே வரும், எதற்கு 20 நிமிடம் ஆகும் என்று தமிழிலும் சேர்த்து எழுதி வையுங்கள், கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு உதவும்.

அப்புறம், தட்டோடு சேர்த்தே பில்லையும் வைத்துவிடுங்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்னமும் சேர்க்கிறவர்கள் நிறுத்திவிடுங்கள், கேட் மூடப் போகிற நேரத்தில் அதை எடுக்கச் சொல்லி யாரும் நின்று பேச முடியாது.

தை மாதம் தம்பி குழந்தைக்குக் காது குத்து. அம்மா மறுபடியும் புனே போகிறார். இந்தத் தடவை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றேன், கேட்கவில்லை. "அந்தப் பொங்கல் நல்லாத்தான் இருந்தது, சாப்பிட முடியலையே தவிர" என்கிறார். அதனால் அதே கடைக்குத்தான் வருவோம், காலை எட்டு மணி வாக்கில். நரைத்த கொண்டை, கையில் பச்சைத் துணிப்பை. உட்கார்ந்ததும் அவரிடம் கேளுங்கள், போர்டிங் எத்தனை மணிக்கு என்று.