அங்கோர் வாட்டுக்கு ஒரு நாள் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்போடியா பயணம் குறித்த உங்கள் கட்டுரையில் அங்கோர் வாட்டை அரை நாளில் பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தது, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. போன மாதம்தான் போய் வந்தேன். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் விஷ்ணுவுக்காக எழுப்பிய அந்தக் கோயிலில், பாற்கடல் கடையும் சிற்பம் மட்டுமே ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், அதன் முன்னாலேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். எங்களைக் கூட்டிப்போனவர்களோ பத்தே நிமிடத்தில் வண்டிக்கு அழைத்தார்கள். மனசே கேட்கவில்லை.

அப்புறம் தனியாகத் தங்கி, 967இல் குடமுழுக்கு நடந்த பந்தியாய் ஸ்ரேய்க்கும் போனேன். சின்னக் கோயில்தான், ஆனால் ராவணன் கயிலையை அசைக்கும் காட்சியை அந்தச் செந்நிற மணற்கல்லில் மரத்தில் செதுக்கியதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். அங்கோர் கோயில்களுக்கான ஒரு நாள் நுழைவுச் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62. அந்த மூன்று நாளும் தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். இதைக் கட்டுரையில் சொல்லியிருந்தால் பலருக்கு உதவியிருக்கும்.

இன்னொன்று, நம்மவர்கள் உட்பட நிறையப் பேர் சிற்பங்களைத் தடவிப் பார்க்கிறார்கள். மணற்கல் சார், தேய்ந்துவிடும். தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி